பாசிக்குக் கிண்ணம் வாங்க விருத்தாசலம் போன கதை

கொடைக்கானலிலிருந்து விருத்தாசலத்துக்கு யாரும் ஊர் சுற்றப் போவதில்லை. கடந்த மே மாதம் நான் போனேன், கிண்ணம் வாங்க. பழமலைநாதர் கோயிலுக்கு வழி தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். நான் கோபுரத்தை ஆட்டோவிலிருந்துதான் பார்த்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், கூடவே பகுதிநேர முனைவர் ஆய்வு. எங்கள் மலைச் சதுப்பில் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வளரும் பீட் பாசிக்குள் (peat moss) கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. சில, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துப் பாசிக்கு ஊட்டுகின்றன. சில, சதுப்பிலிருந்து கிளம்பும் மீத்தேனைத் தின்கின்றன. சூடு ஏறினால் இவற்றில் யார் தங்குவார்கள், யார் இடத்தைக் காலி செய்வார்கள்? குளிர்நாட்டுச் சதுப்புகளில் பார்த்தவர்கள், நைட்ரஜன் பிடிக்கும் வேலை சுணங்குகிறது என்கிறார்கள். நம் மலையில் என்ன நடக்கிறது என்று நாம்தானே பார்க்க வேண்டும்?

முதல் சுற்றில் பிளாஸ்டிக் கிண்ணங்களில் பாசியை வைத்துச் சூடேற்றினேன். நுண்ணுயிர்கள் மாறின. ஆனால் பாசியும் காய்ந்துபோயிருந்தது. "மாத்தினது சூடா, வறட்சியா?" என்று ஆய்வுக்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதோடு நிறுத்தாமல், "வசதியில்லாத இடத்துல இதெல்லாம் எதுக்கும்மா? தலைப்பை மாத்திக்கோ" என்றாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது. சூடேற்றும் பெட்டி எனக்கு மறுபடி ஒரு மாதம் ஒதுக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்காவிட்டால் பெட்டி அடுத்தவருக்கு, எனக்கு வேறு தலைப்பு.

வேறு தலைப்பாம்! மூன்று வருடம் அட்டைக்கடி வாங்கியது நான்.

மெருகு, அதாவது கிளேசு, பூசாத சுட்டமண் கிண்ணம் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால், சூடு ஏறினாலும் உள்ளே பாசி ஈரமாகவே இருக்கும். ஒரே அளவில் இருபத்து நான்கு வேண்டும். பீங்கான், சுடுமண் சாமான்களுக்குப் பெயர்போன விருத்தாசலத்தில் செராமிக் பட்டறை நடத்தும் ஆரோக்கியமேரி அக்காவிடம் போனில் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் இறங்கி, திண்டுக்கல்லில் தோழி வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை காலை 7.30க்கு ரயில். சுமார் 215 கிலோமீட்டர், உட்காரும் பெட்டியில் 110 ரூபாய். 10.50க்கு விருத்தாசலம் ஜங்ஷன். மலைக்குளிரில் வாழ்பவளுக்கு அந்த வெயில் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"செராமிக் கம்பெனிக்குப் போகணும்" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"எந்த செராமிக்குங்க? இங்க எல்லாமே செராமிக்குதான்" என்று சிரித்தார். பட்டறைப் பெயரைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டார், 80 ரூபாய்.

அக்கா கிண்ணங்களை மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். இருபத்து நான்கும் வெள்ளை வெளேரென்று பளபளத்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கிளேசு போட்டுட்டீங்களாக்கா?"

"ஆமா டீச்சர். நீங்கதான பாசி வெக்கிற கிண்ணம்னு சொன்னீங்க? உள்ள வழவழன்னு இருந்தாதான மணி அள்ள லேசா வரும்? எங்க நாத்தனா வூட்டுல பாசிமணிதான் கோக்குறாங்க. அதான் நானே பாத்துப் போட்டேன்."

நான் சொன்ன பாசி சதுப்பில் வளர்வது. அவர் கேட்ட பாசி நூலில் கோப்பது. ஒழுங்காகத் தமிழில் சொன்னதால் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் 'மாஸ்' (moss) என்று சொல்லியிருந்தால் மட்டும் என்ன, சினிமாக்காரி என்று நினைத்திருப்பார். கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, என்மேல். மெருகு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

விஷயத்தை விளக்கியதும் அக்கா உள்ளே போய் ஒரு கூடையோடு வந்தார். "இருபத்தி நாலு கேட்டா அச்சுல முப்பத்தெட்டு ஊத்துவோம். சூளையில எது ஒடையும்னு யாருக்குத் தெரியும்? இது ஒரு சூடு மட்டும் சுட்டது, கிளேசு இல்ல. நாக்குல வெச்சுப் பாருங்க."

வைத்தேன். நாக்கு கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த அளவுக்கு ஈரத்தை இழுக்கிறது! கூடையில் இருந்த பதினான்கில் இரண்டு விரிசல். மிச்சம் பன்னிரண்டு. எனக்குத் தேவையானதில் பாதி.

"புதுசா ஊத்தி, காய வெச்சு, சுட்டுத் தர நாலு நாளாவுங்க. அவசரப்பட்டா வெடிச்சிரும்" என்றார் அக்கா. பிறகு பளபளப்பான கிண்ணம் ஒன்றைக் கையிலெடுத்து, "இதுல வெச்சா உங்க பாசி காஞ்சிருமா?" என்று கேட்டார்.

"காஞ்சிரும்க்கா" என்றேன். சொன்னதும்தான் எனக்கே பொறி தட்டியது.

காயட்டுமே! ஒரே அச்சு, ஒரே அளவு, ஒரே பெட்டி, ஒரே சூடு. பூச்சில்லாத பன்னிரண்டில் பாசி ஈரமாக இருக்கும். பூச்சுள்ள பன்னிரண்டில் காயும். சதுப்பில் சூடேறாமல் இருக்கும் பாசியோடு ஈரமானதை ஒப்பிட்டால் சூடு என்ன செய்கிறது என்று தெரியும்; ஈரமானதோடு காய்ந்ததை ஒப்பிட்டால் வறட்சி என்ன செய்கிறது என்று தெரியும். அக்காவைக் கட்டிப்பிடித்தேன். "மணி கோக்கலன்னா என்னா, நல்லதா முடிஞ்சுதுல்ல" என்று அவரே பொட்டலம் கட்டினார்.

செராமிக் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிண்ணம் ஒன்று 35 ரூபாய். குறைந்த எண்ணிக்கையிலும் செய்து தருகிறார்கள். போனில் மட்டும் சொல்லாதீர்கள், படம் வரைந்து அனுப்புங்கள். கிளேசு வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வைக்கோல் சுற்றித் தருவார்கள், ஆனாலும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

ஞாயிறு மாலை மலையேறினேன். திங்கள் காலை 7.40க்கு இருபத்து நான்கு கிண்ணங்களும் பெட்டிக்குள் இருந்தன. முடிவு என்னவாகும் என்று தெரியாது. என் பாசி தோற்றாலும் அது எப்படித் தோற்றது என்பதை நான்தான் எழுதுவேன். அன்றே ஆய்வுக்குழுவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: தலைப்பு மாறவில்லை ஐயா, கிண்ணம்தான் மாறியிருக்கிறது.