சுவரில் அழித்த பெயர்

அரியாலையில் மீன் விற்ற தங்கரத்தினம் கோபப்பட்டு 1990 வரை ஒருவரும் கண்டதில்லை.

அவளுடைய படம் சனசமூக நிலையத்தின் வெளிச்சுவரில் பெரிதாக இருந்தது. 1986இல், யாழ்ப்பாணப் பட்டினத்தில் கடைப்பலகை எழுதும் ஜுனைதீன் வந்து பத்து நாள் நின்று கீறிய ஓவியம் அது. பின்னால் கடல்நீரேரி, முன்னால் மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு தங்கரத்தினம். தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். கீழ்மூலையில் ஜுனைதீன் தன் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தார்.

1990 ஒக்டோபர் கடைசியில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டே வெளியேற்றியது. ஜுனைதீனும் உடுத்த உடுப்போடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை, நிலையத் தலைவர் கதிரவேலு அந்தப் பெயரை மட்டும் சுண்ணாம்பு பூசி அழித்துக்கொண்டு நின்றார். தங்கரத்தினம் கடகத்தை இறக்கி வைத்தாள்.

“அண்ணை, படம் வேணும், கீறின மனுசன்ரை பேர் வேண்டாமோ?”

“பிரச்சினை வரும், பிள்ளை. பேசாமல் போ.”

“அந்தச் சனத்தைத் துரத்தேக்கையும் பேசாமல்தானே நிண்டம்! இப்ப பேரையும் துரத்துறியளோ? அப்ப என்ரை மூஞ்சையிலையும் பூசுங்கோ!”

கதிரவேலு திரும்பவும் தூரிகையைச் சுண்ணாம்பு வாளிக்குள் தோய்த்தார். அவள் வாளியைப் பறித்து, சுண்ணாம்பை அள்ளித் தன் படத்தின் முகத்தில் அப்பினாள். கை எரிந்தது. முகம் முழுக்க மறையும்வரை அவள் நிறுத்தவில்லை.

பிறகு முகத்தைத் திருத்தக் கதிரவேலு வேறொரு ஓவியரைக் கூட்டிவந்தார்.

“ஜுனைதீன் வந்து கீறட்டும்,” என்று தங்கரத்தினம் அந்த ஓவியரைத் தெருவிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள்.

1995இல் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தபோதும் அந்தப் படத்துக்கு முகம் இல்லை.