சாமி வேண்டாமென்ற சேவல்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். ஆனால் பிள்ளைகளின் எடை அட்டையில் எது தேறிய பச்சை, எது மெலிந்த ஆரஞ்சு என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிக்கோயா பக்கத்தில்தான் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுப்பை விட்ட பிறகு, மெலிந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போய்வர ஒரு ஆள் வேண்டும் என்று மிட்வைஃப் மிஸ் என்னைத்தான் கேட்டார். வேறு யாரையும் கேட்கவில்லை.

வரிசை வீடுகளான லயங்களில் கடைசியில் ஒரு இளம் தாய். புருஷன் கொழும்பில் கடை வேலை. அவளுடைய மகள் இரண்டு வயது முடிந்தும் கைப்பிள்ளை மாதிரிதான் இருந்தாள். அவள் குடியிருந்த காம்பராவுக்குப் பின்னால் நாங்கள் இருவருமாக உரப்பைகளில் மண் நிரப்பி, கீரையும் போஞ்சியும் பீட்ரூட்டும் போட்டோம். மண்ணில் அவளுக்கு நல்ல கை, போட்டதெல்லாம் வந்தது. பிள்ளைக்கு முட்டைக்கென்று மிஸ் இரண்டு கோழிகளும் வாங்கித் தந்திருந்தார். கீரை பிள்ளையின் வாய்க்குப் போனது. முட்டை மட்டும் போகவில்லை.

அட்டையில் கோடு ஆரஞ்சிலேயே படுத்துக் கிடந்தது. அடுத்த நிறுவைக்கும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைக்கத்தான் வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவள் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போன மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து, அந்த வார்டில் கண்மூடாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

முட்டை கடைக்குப் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் சொல்லாமல் போய் நின்றேன். அடுப்படி மூலையில் ஒரு கோழி அடையில் இருந்தது. வயிற்றுக்குக் கீழே அத்தனை முட்டையும்.

விசாரித்தபோது மெதுவாகச் சொன்னாள். அந்த வார்டில் இருந்தபடியே மேல்மலை முனியாண்டி சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை பிழைத்தால் வீட்டிலேயே பொரித்து வளர்த்த சேவல் தருவதாக. பொரித்த குஞ்சுகளைக் குளிர் கொன்றது, மிச்சத்தைக் கீரி தூக்கியது. அதனால் மறுபடி மறுபடி அடை வைத்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டில் ஒரு சேவல் இருந்தது. கழுத்தில் செம்பட்டை மின்னும், லயமே திரும்பிப் பார்க்கும். அதைத் தருகிறேன், முட்டையைப் பிள்ளைக்குக் கொடு என்றேன்.

"வேற வீட்டுச் சேவல்னு சாமிக்குத் தெரியாதா பெரியம்மா?"

"தெரியும் தாயி. புள்ள எடை ஏறலங்கிறதும் தெரியும்."

அவள் அடைக்கோழியின் முதுகைத் தடவினாள். பிறகு சாமியிடமே பூக் கேட்டுவிடலாம் என்றாள். அது எங்கள் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் இலையில் தனித்தனியாக மடித்துப் போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம்.

வெள்ளிக்கிழமை மலையேறினோம். மூச்சு வாங்கியது, ஆனாலும் சேவலை நானே தூக்கிப் போனேன். பிள்ளை தவழ்ந்து போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தது. பிடுங்கிப் பிரித்தோம். சிவப்பு.

இறங்கும் வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. சாமி என் சேவலை வேண்டாமென்றது ஒரு பக்கம். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டுமோ என்ற கலக்கம் மறுபக்கம்.

லயத்துக்கு வந்ததும் அவள் நேரே மற்றக் கோழியின் கூட்டுக்குப் போனாள். அன்று இட்ட முட்டையை எடுத்து அடுப்பில் அவியப் போட்டாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னா புள்ள இது?"

"ஒங்க சேவல் வேணாம்னு சொன்னாரு. முட்டைய புள்ளைக்குக் குடுக்காதன்னு சொல்லலியே பெரியம்மா. அடையில உள்ளது அவருக்கு. இனிமே இடுறது இவளுக்கு."

இத்தனை வீடு ஏறி இறங்கிய எனக்கு இது தோன்றவில்லை. அவித்த முட்டையைப் பிசைந்து, கீரைச் சோற்றில் கலந்து ஊட்டினாள். பிள்ளை முதலில் துப்பியது. பிறகு அம்மாவின் விரலையும் சேர்த்துக் கடித்தது.

அன்றிலிருந்து நான் போகும் போதெல்லாம் முட்டையோட்டை எடுத்து என்னிடம் காட்டுவாள், நான் ஏதோ போலீஸ் மாதிரி. ஓடுகளை நொறுக்கிக் கீரைப் பைகளில் உரமாகப் போட்டோம்.

நிறுவை நாளில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு மிஸ் பிள்ளையை உட்கார வைத்தார். தாய் தராசைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். மிஸ் அட்டையில் புள்ளி வைத்தார். பச்சைக்குள் வரவில்லை. ஆனால் கோடு தலைதூக்கியிருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், இப்படியே கொடுங்கள் என்றார் மிஸ். அவள் பிள்ளையை இறக்கி என் மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடையில் பொரித்ததில் ஒரு சேவல் குஞ்சு, அடுப்பங்கரைச் சூட்டில் பிழைத்துக்கொண்டது. இப்போது பிள்ளை அதன் பின்னால் நடக்கிறாள். அது முனியாண்டிக்கு. என்னுடையது இன்னும் என் கூரையில்தான் நிற்கிறது, சாமியே வேண்டாமென்ற திமிரோடு.