ஏசியை அணைத்துவிட்டுக் கேட்ட பாட்டு

வெஸ்லி சார், இன்றைக்கு இங்கே சவூதியில், தம்மாம் சைட் ஆபீசில் உங்கள் வாசனை வந்தது. சோப்பு வாசனையோ சென்ட் வாசனையோ இல்லை. பென்சில் எழுத்தை ரப்பரால் அழுத்தி அழித்தால் லேசாகச் சூடேறி ஒரு வாசனை வருமே, அது. எங்கள் டைம்கீப்பர், விசா முடித்து ஒரேயடியாக ஊருக்குப் போனவர்களின் பெயர்களை டூட்டி ஷீட்டிலிருந்து அழித்துக்கொண்டிருந்தார். அழித்ததும் தாளை முகத்துக்கு நேரே தூக்கி ஃபூ என்று ஊதினார். கையெழுத்துப் போட வந்த நான் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "கியா பாய், நாம் பூல் கயா?" என்றார். என்னப்பா, உன் பெயர் மறந்துவிட்டதா என்று.

இதைப் படிக்கிற உங்களுக்கு வெஸ்லி சாரைத் தெரியாது. அவரை யாருக்குமே தெரியாது, அதனால் வருத்தப்பட வேண்டாம். அவர் பஹ்ரைனில் இறந்து நாற்பது நாளாகிறது. இந்தக் கேம்ப்பில் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் உனக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். அவருக்கு நான் தாள் புரட்டினேன் என்றால் யாருக்கு விளங்கும்? அதனால் உங்களிடம் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுதுவது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. இரண்டாயிரத்து மூன்று கடைசியில் பஹ்ரைனில் மனாமா நகரத்து குதைபியாவில் ஒரு பழைய கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தேன். வாட்ச்மேன் என்று பெயர்தான். படிக்கட்டு கழுவ வேண்டும், கார் துடைக்க வேண்டும், கேஸ் சிலிண்டரும் தண்ணீர் கேனும் மேலே தூக்க வேண்டும். புழுதிக்காற்று அடித்தால் வாசலில் முட்டி உயரத்துக்கு மண் கிடக்கும் என்று ஊருக்குச் சொல்வேன். உண்மையில் கணுக்கால் வரைதான் இருக்கும். தனியாக இருப்பவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

சார் இரண்டாம் மாடியில் இருந்தார். அமெரிக்காக்காரர், எழுபது தாண்டியவர், முட்டியில் வலி. எங்கள் பக்கத்தில் வெஸ்லி என்பது புரோட்டஸ்டன்ட் ஆட்கள் வைக்கும் பெயர். நீங்களும் அந்தச் சபையா என்று கேட்டேன். எந்தச் சபைக்கும் போவதில்லை, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டேன் என்றார்.

அவர் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர். சினிமாப் பாட்டு இல்லை, கோயில் பாட்டும் இல்லை. ஒரு கவிதையை எடுத்து, ஒரே ஒரு ஆள் நின்று பாடவும் ஒரே ஒரு ஆள் பியானோ வாசிக்கவும் எழுதுவது. மைக் கிடையாது, மேளம் கிடையாது. பாட்டில் பாதி பாடுகிறவர் வாயில் இருக்கிறது, பாதி என் விரலில் இருக்கிறது என்பார். சின்ன வயதில் ஐம்பது அறுபது பாட்டு எழுதியிருக்கிறார். பச்சை அட்டை போட்டு ஒரு புத்தகம் வந்ததாம். ஒரு பெரிய நகரத்து மண்டபத்தில் ஒரு அம்மா அவற்றைப் பாடியிருக்கிறார். அதைப் பற்றிப் பேப்பரில் வந்த துண்டு பழுத்த இலை நிறத்தில் பியானோ ஸ்டூலுக்குள் கிடந்தது. அப்புறம் அந்த மாதிரிப் பாட்டு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. வேலை போயிற்று. மனைவி இறந்துவிட்டதாக ஒரு தரம் சொன்னார், இன்னொருத்தரோடு போய்விட்டதாக இன்னொரு தரம் சொன்னார். எது உண்மை என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க கல்ஃபுக்கு வந்து, வயதாகி, ஹோட்டல் வாசலில் பியானோ வாசித்து, நான் போனபோது அதுவும் நின்றிருந்தது. வாத்தியக் கடைக்கார அரபி ஒருத்தர் பழைய பழக்கத்துக்கு விசா அடித்துக் கொடுத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் கேனை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினேன். கூப்பிட்டுப் பியானோ பக்கத்தில் நிற்கச் சொன்னார். நான் தலையை ஆட்டுவேன், நீ தாளைப் புரட்டு, அவ்வளவுதான் வேலை என்றார். எனக்கு அந்தப் புள்ளியும் கோடும் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரிந்தது. முதல் நாள் அவர் தும்மியதற்கும் புரட்டிவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

வாசிக்கும்போது ஏசியை அணைத்துவிடுவார். அது ஜன்னலில் மாட்டுகிற பழைய ஏசி, லாரி மாதிரிச் சத்தம் போடும். ஆகஸ்ட் மாதம் பஹ்ரைனில் ஏசியை அணைத்துவிட்டு இருந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு நிமிஷத்தில் சட்டை நனையும், மூன்றாவது நிமிஷத்தில் பியானோக் கட்டையில் அவர் விரல் வழுக்கும். பாட்டு முடிந்ததும் நான் ஓடிப்போய் சுவிட்சைப் போடுவேன். பனி ஊரில் நீளப் பாட்டு எழுதினேன், இங்கே எழுதியதெல்லாம் மூன்று நிமிஷத்தைத் தாண்டவில்லை என்று சொல்வார்.

கல்ஃபில் அவருக்கு ஒரே கஷ்டம், பாடுகிற ஆள் நிற்காது. நல்ல குரலாக ஒருத்தர் கிடைப்பார், காண்ட்ராக்ட் முடிந்து போய்விடுவார். ஒவ்வொரு பாட்டுத் தாளின் தலையிலும் பென்சிலால் பாடுகிறவர் பெயரை எழுதியிருப்பார். பக்கத்தில் அவர் விசா எந்த மாதம் வரை என்றும் எழுதியிருப்பார். ஆள் போனதும் பெயரை அழித்து, ஃபூ என்று ஊதி, அடுத்த ஆளின் குரலுக்குத் தகுந்தபடி முழுப் பாட்டையும் ஏற்றியோ இறக்கியோ மறுபடி எழுதுவார். தையல்காரர் பழைய சட்டையைப் பிரித்து அடுத்தவனுக்குத் தைக்கிற மாதிரி. சில தாள்கள் அழித்து அழித்து மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். ஒரு பிலிப்பைன்ஸ்காரர் போனபோது சார் பத்து நாள் கதவைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வருவேன், பல நாள் மறுநாளும் அது அப்படியே இருக்கும். அந்தப் பத்து நாள் எனக்குப் பயத்திலேயே போனது.

அதற்கப்புறம் வந்தவர்தான் ரோஸ்லின் அக்கா. நாகர்கோவில் பக்கம், நர்ஸ், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவார். அவரைக் கூட்டிவந்தது நான்தான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து நேரே வருவார். முதல் நாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் காதில், "எலே, இவருக்க பாட்டுக்கு பல்லவி எங்க இருக்கு? பிடிச்சுக்கிட ஒரு எடமும் இல்லியே" என்றார். நாலு வாரத்தில் பிடித்துக்கொண்டார். அவர் வந்த பிறகு சார் புதுப் பாட்டு ஒன்று தொடங்கினார். எட்டு வருஷத்தில் முதல் புதுப் பாட்டு. இதை முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

அந்தப் பாட்டில் ஒரு ஆள் தினமும் காலையில் வீட்டிலிருந்து கேட் வரைக்கும் பனியை ஒதுக்கி வழி பண்ணுகிறான். யாரும் வருவதில்லை. மறுநாளும் பனி விழுகிறது, மறுநாளும் ஒதுக்குகிறான். அவ்வளவுதான் கதை. பனியை நான் பார்த்ததில்லை. ஆனால் வாசல் மண்ணைத் தினமும் பெருக்குகிற எனக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அக்கா கேட்டுக்கு வந்து நின்றார். மேலே வரவில்லை. அயர்லாந்துக்கு வேலை கிடைத்துவிட்டது, சனிக்கிழமை ஃபிளைட் என்றார். "நீ சொல்லிப்போடு, கேட்டியா. அவருக்க மொகத்த பாத்து எனக்கு சொல்லமுடியாது. பாட்டு முடிஞ்சாலும் முடியலைன்னாலும் வெள்ளிக்கிழமை வந்து இருக்கியத பாடிட்டுப் போறேன். அவருகிட்ட கேட்டு போன் பண்ணு." சரி என்றேன்.

நான் சொல்லவில்லை. போனும் பண்ணவில்லை. மேலே போனேன், அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நாள் கதவு ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை, அக்காவுக்கு எமர்ஜென்சி டூட்டி என்றேன். அக்கா இரண்டு தரம் என் போனுக்கு அடித்தார். நான் எடுக்கவில்லை. அடுத்த வெள்ளியும் டூட்டி. அதற்கடுத்த வெள்ளியும் டூட்டி. ஒவ்வொரு வெள்ளியும் அவர் ஏசியை அணைத்துவிட்டு, சட்டை நனைய, காத்திருந்தார். பாட்டு இதற்குள் முடிந்திருந்தது.

இதில் வெட்கம் என்னவென்றால், எனக்கே இது நடந்திருக்கிறது. கல்ஃபில் இருப்பவனுக்குச் சாவை யாரும் நேரே சொல்வதில்லை. கொஞ்சம் சீரியஸ், லீவு கிடைக்குமா என்பார்கள். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஏர்போர்ட்டிலிருந்து கார் ஊர் முக்குக்குத் திரும்பும்போது, கண்ணீர் அஞ்சலி என்று போட்ட ஃபிளெக்ஸில் அப்பா முகம். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. ஒருத்தரும் சொல்லவில்லையே என்று வீட்டில் எல்லாரிடமும் கத்தினேன். அவ்வளவு கத்தியவன், அதையே வெஸ்லி சாருக்குச் செய்தேன்.

நாலாவது வெள்ளி மேலே போனபோது கையில் ரப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் இந்தியையும் சேர்த்து, அப்பா ஃபிளெக்ஸ் கதை வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ரப்பரைப் பியானோ மேல் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அழ வேண்டிய நாளில் என்னை அழ விட்டிருக்கலாம். அந்த நாளை நீ எடுத்துக்கொண்டாய்." இங்கிலீஷில்தான் சொன்னார். என் மனதில் தமிழில்தான் இருக்கிறது.

கோபித்துக் கதவை அடைப்பார் என்று நினைத்தேன். அடைக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊரில் அக்காவின் அம்மாவுக்குப் போன் பண்ணி அயர்லாந்து விலாசம் வாங்கினேன். சார் பாடுகிற வரியை மட்டும் தனித் தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். பியானோ அவருக்கு எதற்கு, அது இங்கே இருக்கிறதே என்றார். தபாலில் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா காலிங் கார்டு போட்டுக் கூப்பிட்டார். எடுத்ததும் என்னைத்தான் கேட்டார். "ஒன்ன நான் நம்புனேன்லே." அதற்கு மேல் திட்டவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு பியானோ மேலே வைத்தோம். ஏசியை அணைத்தேன். சார் வாசிக்கத் தொடங்கினார். ஆனால் லைனில் பேச்சு போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும், திரும்பி வர இன்னொரு மூச்சு. பியானோ ஒரு இடத்தில், குரல் வேறு இடத்தில். மூன்று தரம் பார்த்தார்கள். சேரவில்லை. சார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தனியாகப் பாடும்படி சொன்னார்.

அக்கா ஹாஸ்டலில் துணி துவைக்கிற அறையில் நின்று பாடினார். பின்னால் மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தாள் புரட்ட வேண்டிய இடத்தில் பழக்கத்தில் தலையை ஆட்டினார், நானும் புரட்டினேன். முடிந்ததும் அக்கா, "சாருகிட்ட சொல்லு, இங்க பனியெல்லாம் இல்ல, எப்பளும் மழைதான்" என்றார். சொன்னேன். சார் சிரித்தார். கார்டு முடிந்து லைன் அறுந்தது.

நான் ஏசி சுவிட்சுக்குப் போனேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, தன் பாதியை முதலிலிருந்து கடைசி வரை தனியாக வாசித்தார். அந்தப் பாட்டு உலகத்தில் நடந்தது அந்த ஒரு தரம்தான், அதுவும் இரண்டு துண்டாக. இரண்டையும் பக்கத்திலிருந்து கேட்டது நான் ஒருத்தன். தாளின் தலையில் அக்கா பெயரை அவர் கடைசி வரை அழிக்கவில்லை. புதிதாக யாரையும் கூட்டிவரவும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கட்டடம் கைமாறியது. இடிக்கப் போகிறார்கள் என்று எல்லாரையும் காலி பண்ணச் சொன்னார்கள். சார் பின் தெருவில் ஒற்றை அறைக்குப் போனார். பியானோ அந்த அறையின் குறுகல் படிக்கட்டில் திரும்பவில்லை, பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டார். நான் ஊர் போய், புது விசாவில் தம்மாம் வந்தேன். பஹ்ரைனுக்கும் இங்கேயும் நடுவில் ஒரு கடல் பாலம்தான், காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட போகவில்லை. விசா, லீவு என்று காரணம் இருக்கிறது. இருந்தாலும் போகவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஹம்ஸாக்கா போன் பண்ணினார். கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த மலையாளி; இக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். குரலை இறக்கி, "எடா, நம்முடெ சாருக்கு கொறச்சு சீரியஸாணு" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. "இக்கா, எப்போ அடக்கம்?" என்று கேட்டேன். "கழிஞ்ஞு. புதனாழ்ச்ச. ஞங்ஙள் அஞ்சு பேருண்டாயிருந்நு." முடிந்துவிட்டது, புதன்கிழமை, நாங்கள் ஐந்து பேர் இருந்தோம் என்று. போன் வந்தது வெள்ளிக்கிழமை. என்னிடமிருந்தும் யாரோ இரண்டு நாளை எடுத்துக்கொண்டார்கள். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

தாள்களைக் கேட்டேன். அறையைக் காலி பண்ண வந்தவர்கள் எல்லாவற்றையும் முனிசிபாலிட்டி குப்பை டிரம்மில் போட்டுவிட்டார்களாம். பச்சைப் புத்தகமும் அந்தப் பேப்பர் துண்டும் அதில்தான் போயிருக்கும். கட்டடம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அக்காவிடம் பாடுகிற பாதி இருக்கிறது. சாரின் பாதி எங்கும் இல்லை. எனக்குள் இரண்டும் இருக்கிறது, ஆனால் எனக்குப் பாட வராது.

அவர் எந்தச் சபையிலும் சேராதவர். அதனால் நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பரவாயில்லை. இதைப் படித்து முடித்ததும் ஓடுகிற ஃபேனையோ ஏசியையோ ஒரு மூன்று நிமிஷம் அணைத்துவிட்டு, வெஸ்லி என்று பெயர் சொல்லி அவருக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள். வியர்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.