எழுபது கட்சிகளின் வாழ்த்தும் சவுரியப்பனின் தமிழும்

அரூர் சவுரியப்பன் இருந்த கட்சி மிகச் சின்னக் கட்சி. எந்தத் தேர்தலிலும் அதற்கு டெபாசிட் திரும்பி வந்ததில்லை. ஆனால் உலகம் முழுக்க உறவு உண்டு. ஒரே கொள்கையுள்ள எழுபது கட்சிகள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து வைத்திருக்கும் கூட்டமைப்பில் அதுவும் ஒன்று. உள்ளூரில் ஒரு வார்டு மெம்பர்கூட இல்லாத கட்சிக்கு வெளிநாடுகளில் மந்திரிகள் தோழர்களாக இருந்தார்கள். கேலி பேசுகிறவர்கள் பேசத்தான் செய்தார்கள். சவுரியப்பன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சிறு வயதில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்ததால் இங்கிலீஷ் நன்றாக வரும். மாவட்ட மாநாடு நடக்கும்போதெல்லாம் கூட்டமைப்புக் கட்சிகள் வாழ்த்துச் செய்தி அனுப்பும். அவற்றைத் தமிழாக்கி மேடையில் படிப்பது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. கொடியேற்றம், அஞ்சலி, அதற்கடுத்து சவுரியப்பன் என்பது அங்கே எழுதாத விதி. ஒவ்வொரு வாழ்த்துக்கும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

வருகிற செய்தியோ உப்புச் சப்பில்லாமல் மூன்று வரி இருக்கும். உங்கள் மாநாடு வெல்லட்டும், நம் ஒற்றுமை ஓங்கட்டும், அவ்வளவுதான். எழுபது கட்சிக்கும் அதே கடிதம்தான் போகும். முதல் மாநாட்டில் அவர் அதை அப்படியே படித்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கிற சனங்களுக்கு இதுதானா என்று அவருக்கு மனசு ஆறவில்லை. அடுத்த முறை, ‘தண்ணீருக்காகப் போராடும் தருமபுரி மாவட்டத் தோழர்களே’ என்று தானாக ஒரு வரி சேர்த்துப் படித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. வெளிநாட்டுத் தோழர்கள் காரிமங்கலத்து மானாவாரி நிலத்தில் மழை பெய்ததா என்று விசாரித்தார்கள். தொப்பூரில் லாரி கவிழ்ந்து இறந்தவர்களுக்காக வருந்தினார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மனுஷன் அளவுக்கு மீறிப் பொருத்தமாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கைதட்டலில் அறிவழகனும் அவன் மனைவி வெண்மதியும் உண்டு. இரண்டு பேருமே கட்சிக்காரர்கள். போன வருடம் அறிவழகன் ஒப்பந்தக் கூலியாகக் கடல் தாண்டிப் போனான். அந்த நாட்டில் கூட்டமைப்பைச் சேர்ந்த கட்சி ஆட்சியில் பங்கு வகித்தது. அந்தத் தைரியத்தில்தான் போனான். எட்டாம் மாதம் கட்டடச் சாரம் சரிந்து செத்துப்போனான். கம்பெனிக்காரன் வாயே திறக்கவில்லை. கூட வேலை செய்த ஒருவன்தான் போனில் சொன்னான், உடம்பு பிணவறையில் கிடக்கிறது என்று.

மூன்றாம் நாள் வெண்மதி சவுரியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாங்கண்ணா. அவரு மொகத்த ஒரு தடவ பாத்து, நம்ம மண்ணுல அடக்கம் பண்ணோணும். புள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க.”

“கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கணும்மா. அவங்க தூதரகத்துக்கு எழுதுவாங்க.”

“அங்க போனா அலைய வெச்சே கொன்னுருவாங்க. நம்ம கட்சிதான அந்த ஊரை ஆளுது? தொப்பூர்ல லாரி கவுந்ததுக்கே துக்கம் விசாரிச்சவங்க. நம்மாளு அவங்க ஊர்லயே செத்துக் கெடக்கறாரு, சும்மா உட்டுருவாங்களா?”

உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருடம் தன் வாயாலேயே படித்துப் படித்து அவருக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது என்பதும் நிஜம். “எழுதறேம்மா” என்றார்.

எழுதினார். பாஸ்போர்ட் நம்பர், ஆஸ்பத்திரி பெயர் எல்லாம் சேர்த்து அந்தக் கட்சியின் சர்வதேசப் பிரிவுக்கு ஈமெயில் போட்டார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாவது தடவையும் எழுதினார். வெண்மதி வந்து கேட்கும்போதெல்லாம், “பெரிய எடமில்லையா, மேல போயிருக்கும்” என்று சமாளித்தார். அவள் அவரை மலைபோல் நம்பினாள்.

அறிவழகன் செத்த முப்பத்து நான்காம் நாள், மாவட்ட மாநாட்டுக்கு முந்தின மாலை, பதில் வந்தது. திறந்து பார்த்தார். உங்கள் மாநாடு வெல்லட்டும், நம் ஒற்றுமை ஓங்கட்டும். அறிவழகனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாநாடு. மாவட்டச் செயலாளர் மாதையன் அவர் காதோரம் குனிந்தார்.

“வெண்மதி முன்னாடியே உக்காந்திருக்குது. நல்லா உருக்கமாப் படிங்க தோழரே.”

சவுரியப்பன் மூன்று வரியைப் படித்தார். மேலே எதுவும் வராததால் கூட்டம் காத்திருந்தது.

“இதுல இவ்ளோதான் இருக்குதுங்க” என்றார் மைக்கில். “எப்பவும் இவ்ளோதான் இருந்துச்சு. அரூரு, தொப்பூரு, காரிமங்கலம் எல்லாம் நானாச் சேத்துப் படிச்சது. அவங்களுக்கு நம்ம ஊரு பேரே தெரியாது.”

யாரும் கைதட்ட எழவில்லை. வெண்மதி மட்டும் எழுந்தாள்.

“அப்ப எங்கூட்டுக்காரரு பேரு?”

“மூணு தடவ எழுதினேம்மா. படிச்சாங்களான்னே தெரியல.”

அவள் உட்கார்ந்துகொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மேடையை விட்டு இறங்கி, அவள் பக்கத்தில் போய், “காலைல முதல் பஸ்சுக்குத் தருமபுரி போலாம்மா” என்றார். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். கலெக்டர் அலுவலகத்தில் அவர்கள் மனுவை வாங்கிய அதிகாரி ஒரு பெண். வெண்மதி பயந்ததுபோல் அலைய விடவில்லை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், அங்கேயும் இங்கேயும் போன் போட்டாள். மத்தியானம் மூன்று மணிக்குத் தூதரகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. அதிகாரி அதைச் சொல்லத் தயங்கினாள்.

“முப்பது நாளா யாரும் கேட்டு வரலைன்னு போன வாரமே அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்மா. ஒரு பத்து நாள் முன்னாடி இந்த மனு வந்திருந்தா உடம்பை வெச்சிருப்பாங்க. ஏம்மா, இத்தனை நாளா ஏன் வரலை?”

சவுரியப்பன் எழுந்து நின்றார். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் எழுந்தார். வாய் திறப்பதற்குள் வெண்மதி முந்திக்கொண்டாள்.

“அங்க எங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு நெனச்சிட்டு இருந்தோமுங்க.”