ஆணியில் இருந்த குடை

செய்தியைக் கொண்டுவந்தவர் காசிம் நானா. தலவாக்கலையில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் வாசலில், முதல் மணி அடித்து ஓய்ந்த நேரம், தொப்பியைக் கழற்றிக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றார். அட்டனிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். அவருடைய தேநீர்க் கடைக்கு வெளியே அவரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"மாஸ்டர், மிஸ்ஸி மௌத்தாயிட்டாங்க. நேத்து பின்னேரம். ஒங்களுக்கு ஆரும் செல்லியிருக்க மாட்டாங்கண்டு நானே வந்தன்."

ராக்காயி. அட்டன் தர்ம மருந்தகத்தில் கசநோய்க்காரர்களுக்கு ஊசி போட்ட தாதி; ஊருக்கு மிஸ்ஸி. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரை இடது கையால் ஊசி போடுகிறவராகத்தான் தெரியும். கடைசியில் அதே நோய்தான் அவரையும் கொண்டுபோயிருக்கிறது.

காசிம் நானா எதுவும் குடிக்க மறுத்தார். பஸ் ஏறுமுன் திரும்பி நின்று கேட்டார்.

"அண்டைக்கு மிஸ்ஸி ஏன் குடைய எடுத்தாங்க? ஒங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்? எனக்கு இன்னம் வெளங்கல்ல."

தெரியாது என்று சொன்னேன்.

மருந்தகத்தின் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். காசிம் நானாவிடம் சொன்ன அந்தப் பதிலைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

பேராதனையில் பட்டம் பெற்று வெளியே வந்தபோது எனக்குப் பிரஜாவுரிமை இல்லை. ஆகவே அரசாங்க வேலை இல்லை. தோட்டத்துக்குத் திரும்ப மனமில்லை. மருந்தகத்தில் பதிவேடு எழுத ஆள் தேவைப்பட்டது; சேர்ந்தேன். முதல் நாள் ராக்காயி அக்கா என் கையெழுத்தை எட்டிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. செத்தவங்க பேரக்கூட கோணாம எழுதுறீங்களே, பி.ஏ."

அதன் பிறகு என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. பி.ஏ. தான்.

சந்தைக்குப் பின்னால் மலை சரிந்து இறங்கும் இடத்தில் பள்ளத்துச் சந்து இருந்தது. நகரசபைத் துப்புரவுத் தொழிலாளரின் லயங்கள், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகள். அவற்றின் முதுகில் ஒட்டிய தகரக் குடில்கள். வேலைநிறுத்தம் செய்து தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சூதாட்டமும், கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களும். பொலிஸ்காரர்கள் மூன்று பேராகத்தான் இறங்குவார்கள். தபால்காரர் இறங்கவே மாட்டார்; கடிதங்களைக் காசிம் நானாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சந்தில்தான் நோயாளிகள் அதிகம். மருந்தகத்துக்கு வர வலுவில்லாதவர்களுக்கு நாள் தவறாமல் ஊசி போட ராக்காயி அக்கா தனியாக இறங்குவார்.

ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். சந்தின் வாயில் நின்று மருந்துப் பெட்டியைத் திறந்தார். ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் போத்தல், மருந்துக் குப்பிகள். திறந்த பெட்டியைப் பலகாரத் தட்டுப் போல ஏந்திக்கொண்டு, "ஊசி வருது, ஊசி!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒளிச்சா தேடுவாங்க பி.ஏ. தொறந்து காட்டுனா அலுத்துப்போயிடும்."

கூரை ஓரமாக நடக்க மாட்டார். நடு வழியில்தான் நடப்பார். யார் வீட்டுக்குள்ளும் போக மாட்டார். நோயாளி படிக்கு வர வேண்டும். படியில் ஊசி போட்டால் சந்து முழுவதும் பார்க்கும். அன்று ஒரு குடிகாரர் குறுக்கே வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கும் ஒண்ணு குத்து மிஸ்ஸி."

"ஒங்களுக்குக் குத்துனா ஊசிக்கு வெறி ஏறிடும் மாமா. அப்புறம் அது யாரு கைய குத்துறதுன்னு தெரியாம அலையும்."

படிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து வழிவிட்டார். மேலே ஏறி வந்த பிறகுதான் கண்டேன்: பெட்டியைப் பூட்ட அக்காவுக்கு மூன்று முறை தவறியது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"பயந்தான். பயம் இல்லாதவங்கள நான் இதுக்குள்ள கூட்டிட்டுப் போக மாட்டேன்."

பயந்துகொண்டே ஏன் இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். டயகமவில் அவருடைய தகப்பனாரின் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து வெட்டிய பிறகு குடும்பம் இரண்டு வருடம் இதே சந்தில் இருந்ததாம். தாயார் இங்கேதான் இருமி இருமிச் செத்தாராம். "அப்ப யாரும் எறங்கி வரல," என்றார்.

இனி குடை.

சந்தின் வாயில் காசிம் நானாவின் கடை. கடைக்கு வெளியே, நிலைக்கு அருகில் ஓர் ஆணி. இறங்கும்போது ராக்காயி அக்கா தன் கறுப்புக் குடையை அந்த ஆணியில் மாட்டுவார். ஏறி வரும்போது எடுப்பார். மழையானாலும் அப்படியே, நனைந்துகொண்டுதான் இறங்குவார். பிற்பகலில் பதுளை ரயில் கூவும்போது குடை இன்னும் ஆணியில் இருந்தால், காசிம் நானா சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் இருவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். இதுதான் அவர்களுடைய ஏற்பாடு. முதல் நாளே எனக்கு விளக்கினார்கள்.

"குடை ஈக்கிற வரைக்கும் மிஸ்ஸி உள்ளுக்கு ஈக்கிறாங்க," என்றார் காசிம் நானா. "குடை இல்லாட்டி போயிட்டாங்க. நான் மணிக்கூடு பாக்கிறதில்ல. ஆணியத்தான் பாக்கிறன்."

ஒருமுறை ரயில் கூவிய பிறகும் குடை இருந்தது. அவர் இரண்டு நாட்டாமிமாருடன் மூச்சிரைக்க இறங்கினார். ராக்காயி அக்கா ஒரு படியில் உட்கார்ந்து யாருக்கோ கடிதம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அன்று அக்கா வாங்கிய ஏச்சைச் சந்தை முழுவதும் கேட்டது. "ஒங்களுக்காக எண்ணெயில வடையப் போட்டுட்டு வந்திருக்கன். கருகின வடைய ஆரு திங்கிற?" கருகிய வடைகளை அக்காவும் நானும் தின்றோம்.

ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு கலால்காரர்கள் சந்தில் புகுந்து கசிப்புப் பீப்பாய்களை உடைத்திருந்தார்கள். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். வேலு என்ற நோயாளிக்கு ஊசி விட்டுப்போகக் கூடாது என்றார். கிளம்பினார்.

மதியம் மழை பிடித்தது. அவர் ஒரு மருந்துக் குப்பியை மேசையிலேயே விட்டுப் போயிருந்ததைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். கடை பாதி சாத்தியிருந்தது. காசிம் நானா ஜும்மாவுக்குப் போயிருந்தார். ஆணியில் குடை.

அது எதற்காக அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மழையில் அது ஒரு குடையாக மட்டும் தெரிந்தது. அக்கா நனைவாரே என்று எடுத்தேன்.

சந்தில் தண்ணீர் முழங்கால்வரை இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. இரண்டாவது வளைவில் நின்று ஒருமுறை கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு கதவு திறந்தது; ஒரு ஆள் என்னைப் பார்த்துவிட்டு அதை மூடிக்கொண்டார். பயம் வந்தது. எதிர்ப்பக்கத்துக் குறுக்குப் பாதையால் ஏறி மருந்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் குடையை நான்தான் பிடித்துவந்தேன். நனையாமல் போய்ச் சேர்ந்தேன். குடையை மருந்தகத்துச் சுவரில் மாட்டினேன். பதிவேட்டில் உட்கார்ந்தேன்.

காசிம் நானா தொழுகை முடிந்து வந்தார். ஆணி வெறுமையாக இருந்தது. மிஸ்ஸி போய்விட்டார் என்று அடுப்பை மூட்டினார். மருந்தகத்தில் எல்லோரும் சுவரில் குடையைப் பார்த்தார்கள். மிஸ்ஸி வந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தார்கள். பதுளை ரயில் கூவியது. நானும் கேட்டேன். ஒரு கணம் பேனா நின்றது. வேறு வழியால் ஏறியிருப்பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எழுதினேன்.

இருட்டுமுன் வேலுவின் மனைவி கடைக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"நானா, மிஸ்ஸிய புடிச்சி வச்சிருக்காங்க! கீழக் குடில்ல."

"குடை இல்லியே," என்றாராம் காசிம் நானா. பிறகு அடுப்பை அப்படியே விட்டு, நாட்டாமிமாரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினாராம்.

அன்று வேலுவால் படிக்கு வர முடியவில்லை. மழை வேறு. ராக்காயி அக்கா முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது கசிப்புக்காரர்கள் இருவர் காத்திருந்தார்கள். கீழக் குடிலுக்கு இழுத்துப் போய், பீப்பாய்களைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டார்கள். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். பிறகு அவருடைய வலது கையைக் கதவு நிலையில் வைத்து, கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

விசாரணை மருந்தகத்திலேயே நடந்தது. செயலாளர் ஐயா கேட்டார்: "குடை எப்படி இங்கே வந்தது?" சொல்லத்தான் எழுந்தேன். கட்டுப் போட்ட கையோடு அக்கா முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க எடுத்துட்டு வந்து மாட்டிட்டு, மறுபடி எறங்கிப் போனேன். மழ பெஞ்சிச்சி. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

நான் உட்கார்ந்தேன்.

தானே வகுத்த ஒழுங்கைத் தானே மீறியதால் நேர்ந்தது என்று முடிவாயிற்று. அந்த வாக்கியத்தைப் பதிவேட்டில் எழுதியது நான். கோணாமல் எழுதினேன். கவனமில்லாத பெண்ணை இனிச் சந்துக்கு அனுப்ப முடியாது என்றார்கள். வேறு யாரும் போக முன்வரவில்லை. ஊசி நின்றது. நான்காவது மாதம் செத்தவர்களின் வரிசையில் வேலுவின் பெயரை எழுதினேன்.

ஒரு மாதம் ராக்காயி அக்கா என்னோடு பேசவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, நுவரெலியா உருளைக்கிழங்கில் இடது கையால் ஊசி குத்திப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அவர் முன்னால் போய் நின்றேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்கள வெரட்டிட்டா எங்க போவீங்க? தோட்டமும் இல்ல, கவுருமெந்தும் இல்ல." கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒங்க மேல பாசத்துல சொன்னேன்னு நெனச்சிக்காதீங்க. நீங்க மொகத்த தொங்கப்போட்டுக்கிட்டுப் பள்ளத்துச் சந்துல வந்து குடியிருக்கிறத பாக்க எனக்குத் தெம்பில்ல."

ஊசியை உருவினார். மறுபடி குத்தினார்.

"ரயில் கூவுனப்ப எனக்கு அஞ்சு வெரலும் நல்லாத்தான் இருந்திச்சி, பி.ஏ. அதுவரைக்கும் சும்மா மெரட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இப்ப நானா வந்துருவாருன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

குடையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் தொடவில்லை.

"நீங்களே வச்சிக்கங்க. எனக்கு இனி எந்தச் சந்துக்கு?"

பின்னர் அவர் இடது கையால், மருந்தக அறைக்குள்ளேயே, உங்களில் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டார். கவனமில்லாமல் கையைக் கெடுத்துக்கொண்டவர் என்று வரிசையில் நின்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். என் காதிலும் விழும். அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைப்பார். நான் அடுத்த பெயரைக் கூப்பிடுவேன். இரண்டு வருடம் அப்படியே இருந்துவிட்டு, பிரஜாவுரிமை கிடைத்ததும் ஆசிரியனாகத் தலவாக்கலைக்கு வந்துவிட்டேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரு கறுப்புக் குடை. அன்றைக்குப் பிறகு அதை விரித்ததில்லை. அவருடைய பொய்யும் என்னிடம்தான் இருந்தது. அதை இங்கே திருப்பிக் கொடுக்கிறேன். பதிவேட்டில் உள்ள அந்த வாக்கியத்தை வெட்டிவிடுமாறு மருந்தகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பக்கம் அச்சாகுமுன் அட்டனுக்குப் போய்க் காசிம் நானாவுக்கு வாசித்துக் காட்ட இருக்கிறேன். என்னை அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில், நானா. மிஸ்ஸி குடையை எடுக்கவில்லை. எடுத்தவன் நான். ரயில் கூவியபோது அவர் உள்ளேதான் இருந்தார், நீங்கள் வருவீர்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டு.