பட்டப்பகலில் ஒரு நோன்பு திறப்பு

சில வருடங்களுக்கு முன், ஒரு நோன்பு மாதத்தில், மடவளையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நடந்தது இது. நான் அப்போதுதான் மருந்தாளர் படிப்பை முடித்து, மடவளையில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்திருந்தேன். மனம் மட்டும் அங்கே நிற்கவில்லை. மலேரியா, காசநோய் என்று நாடு நாடாகப் போய் வேலை செய்ய வேண்டும்! அப்படியொரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத்தான் அன்று புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

பக்கத்தில் இருந்த தொப்பி போட்ட பெரியவர் திடீரென்று என் தோளில் சாய்ந்தார். கோபமாகத் திரும்பினேன். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. எங்கே போகிறார் என்று கேட்டால் ஏதோ குழறினார்.

"பட்டப்பகல்லயே ஊத்திட்டாரு போல" என்று கொண்டக்டர் சிரித்தார்.

முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் வெடுக்கென்று திரும்பினார். கையில் பாடசாலைக் கொப்பிக்கட்டு. ஆசிரியையாக இருக்க வேண்டும். "நோம்பாளியப் பாத்துப் பேசுற பேச்சா இது?"

"ஐயா, சீனி வருத்தம் இருக்கா?" என்று பெரியவரின் காதருகே கத்தினேன். தலை லேசாக அசைந்தது. நீரிழிவுக்காரர்தான். உடம்பில் சீனி தாழ்ந்துகொண்டே போகிறது. விழுங்கும் நினைவு இருக்கும்போதே இனிப்பு உள்ளே போக வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பஸ்ஸோ கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் அசையாமல் நின்றது.

சிரித்த கொண்டக்டரே ஓடிப்போய்த் தன் இனிப்புச் சோடாப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டார். என் கையைத் தட்டிவிட்டார். சோடா பாதிக்குமேல் என் சேலையில்.

"நோம்பு... நோம்பு..."

"வருத்தக்காரருக்கு நோம்பு கடமை இல்ல ஹாஜியார்!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நானும் மன்றாடினேன். எதுவும் அவருக்குள் போகவில்லை. கண் மேலே செருகத் தொடங்கியது. படித்ததெல்லாம் என் தலையில் இருந்தது. ஒரு வாயைத் திறக்க வைக்க மட்டும் வழி தெரியவில்லை.

அந்த ஆசிரியை எழுந்து வந்து அவர் பக்கத்தில் குனிந்தார். மெதுவாக, கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வது போலச் சொன்னார்.

"நானா, பாங்கு சொல்லியாச்சி. நோம்பத் தொறங்க."

சூரியன் மறைந்ததும் மஃரிபுத் தொழுகைக்குக் கூப்பிடும் அழைப்பு அது. ஜன்னல் வழியாக உச்சி வெயில் எங்கள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. பெரியவரின் உதடு "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்தது. வாய் திறந்தது.

போத்தலின் அடியில் மிஞ்சியிருந்ததைச் சொட்டுச் சொட்டாக விழுங்க வைத்தேன். பாலத்தைத் தாண்டும்போது கண் தெளிந்து என்னைப் பார்த்தார். பிறகு வெளியே வெயிலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் மஃரிபு ஆகலயே..."

"பொய் சொன்னது நான். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் ஆசிரியை. "நீங்க உசிரோட இருந்து இந்த நோம்பப் பொறகு புடிங்க."

சீனிக்கான மாத்திரை எப்போது போட்டார் என்று பெரியவரிடம் கேட்டேன். "பகல்ல முழுங்கேலாதே மகள். அதான் எல்லா நேரத்துக் குளிசையையும் சஹர் சாப்பாட்டோடயே போட்டுட்டேன்."

விடியுமுன் போட்ட அத்தனை குளிசையும் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. சீனி மறுபடி இறங்கலாம். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார். பெரியவரை வார்டில் சேர்த்துவிட்டு, சோடா பிசுபிசுத்த சேலையோடு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. அந்த வேலை போய்விட்டது. வேறொன்று அடுத்த வருடம் கிடைத்தது.

இப்போது நான் இருக்கும் நாட்டின் மொழி எனக்கு அரைகுறைதான். ஆனாலும் மருந்தைக் கையில் கொடுக்குமுன் எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது சாப்பிடாமல் இருப்பீர்கள் என்று கேட்டுவிடுவேன். கேட்கும் ஒவ்வொரு முறையும், உச்சி வெயிலில் சொல்லப்படாத அந்தப் பாங்கு என் காதில் கேட்கிறது.