தன் ஓட்டைத் தானே போட்டுக்கொண்ட துகள்

விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திண்டிவனத்தில் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். மாலை நான்கு மணிக்கு, அங்கிருந்தபடியே, என் கணக்கின் முடிவை எங்கள் ஆய்வுக்குழுவின் ஆன்லைன் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் தீசிஸைக் கொடுத்துவிடலாம், ஏழு வருஷத்துப் பாடு தீரும். அம்மா அதற்குள் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம், "என் பொண்ணு படிப்ப முடிச்சிட்டா, டாக்டர் பட்டம்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஐரோப்பாவில் மண்ணுக்கடியில் ஈயத்தின் அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் புரோட்டானும் நியூட்ரானும் உருகி, உள்ளே பூட்டிக் கிடந்த குவார்க்குகளும் குளுவான்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட நிற்காத ஒரு குழம்பாகின்றன. குழம்பை யாரும் பார்க்க முடியாது. அது துகள்களாகச் சிதறி வருவதைத்தான் பார்க்கலாம். துகள்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் போகாமல் ஒரு திசையை ஒட்டி அதிகம் போனால், அங்கே குழம்பு ஓடியிருக்கிறது என்போம்.

லேசாக உரசிப்போன மோதல்களில்கூட அந்தச் சாய்வு பலமாக இருக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. அவ்வளவு இருக்கும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று மாதமாகத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் ஒரு சோதனையை ஓடவிட்டிருந்தேன். துகள்களின் திசைகளை இஷ்டத்துக்குக் கலைத்துவிட்டு அதே கணக்கைப் போடுவது. சாய்வு காணாமல் போக வேண்டும். போய்விடும் என்கிற திமிரில்தான் அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தபோது போனில் விடை வந்தது. உரசல் மோதல்களில் சாய்வு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

அப்படியென்றால் சாய்வு குழம்பில் இல்லை, என் கணக்கில்தான். மடியிலேயே லேப்டாப்பைத் திறந்து தேடினேன். மோதலின் திசையைத் துகள்களை வைத்தே கணிக்கிறோம். பிறகு ஒவ்வொரு துகளும் அந்தத் திசையில் போயிற்றா என்று பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது அந்தத் துகளைக் கணிப்பிலிருந்து கழித்துவிட வேண்டும். நான் கழிக்கவில்லை. ஆயிரம் துகள் இருந்தால் ஒன்றின் ஓட்டு தெரியாது. உரசலில் துகள்கள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றும் தன் ஓட்டைத் தானே போட்டுக்கொண்டு ஜெயித்துவிடும். முதல் வருஷப் பாடம் இது. ஏழாம் வருஷத்தில் கோட்டை விட்டிருக்கிறேன்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லமா."

சித்தி வீட்டில் எல்லோரும் "டாக்டரம்மா வாங்க" என்றார்கள். இலையில் உட்கார்ந்தேன், சாதம் இறங்கவில்லை. அந்தச் சோதனை என் ஸ்லைடுகளில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. இன்று வாயைத் திறக்காமல் இருந்தால் இன்றே முடிந்துவிடும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. எழுந்து கை கழுவினேன், மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

நான்கு மணிக்கு மொட்டைமாடியில், தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து, எல்லா ஸ்லைடையும் தாண்டிப் போய், கடைசியில் புதிதாகச் சேர்த்திருந்த அந்தச் சோதனையை மட்டும் காட்டினேன். தப்பு என்னுடையது, முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கூட்டத்தை நடத்தியவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். இரண்டே நிமிஷம்தான். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்று என் கைடு மெசேஜ் போட்டிருந்தார்.

அம்மா கேசரித் தட்டோடு மேலே வந்தாள். "முடிஞ்சிதா?"

"இல்லமா. கணக்குல தப்பு. இன்னும் ஒரு வருஷம்."

"யாரு கண்டுபுடிச்சாங்க?"

"நான்தான். பஸ்ல."

"அப்பறம் நீயேதான் போய் சொல்லிக்கினியா?"

தலையாட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். கூடத்தில் அவள் குரல் மாடிவரைக்கும் கேட்டது.

"ஏங்க, காலைல இருந்து நான் தப்பா சொல்லிக்கினு இருந்துட்டேன். என் பொண்ணு இன்னும் முடிக்கலீங்க."

ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள். கேசரியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.